இடது முன்சக்கரம்

அவள் வாய் அசைகிறது. அசைவது தெரிகிறது, என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டி வைக்கிறேன், தலையாட்டினால் பாதிப் பேருக்குப் போதும், மீதிப் பேர் திரும்பக் கேட்பார்கள், திரும்பக் கேட்டால் சிரித்து வைக்கலாம், அப்படித்தான் கொஞ்ச நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மிருதுளா திரும்பக் கேட்கிற ரகம். பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற பொண்ணு, எதையும் இரண்டு தடவை அளந்துதான் நம்புவாள். முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பி, "ஆரம்பிக்கலாமுங்ளாண்ணா?" என்கிறாள். இப்போது புரிந்துவிட்டது, உதடு நேராக இருந்தால் புரிந்துவிடும். "ஆரம்பி அம்மிணி. எண்பதுக்குப் போ, அப்புறம் பிரேக்கை அழுத்து, சக்கரம் பூட்டிக்கக் கூடாது, இருபதுக்கு வந்ததும் விட்டுரு, மறுபடி எண்பது. என்ன ஆனாலும் நடுவால நிறுத்தாதே." இதை நேற்றும் சொன்னேன், காலையில் கேட்டைத் திறக்கும்போதும் சொன்னேன். பிரேக்குக்குப் புது டிஸ்க், புது பேட். இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. சூடு ஏற ஏற பேடில் இருந்து மெல்லிசாக ஒரு பூச்சு டிஸ்க் முழுக்கச் சமமாகப் படிய வேண்டும், அதுக்குத்தான் இந்த ஓட்டம். நடுவில் நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால் அந்தச் சூட்டில் பேட் ஒரே இடத்தில் அச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எப்போது பிரேக் பிடித்தாலும் ஸ்டியரிங் உதறும். ரோட்டில் ஒருத்தரும் இல்லை. பல்லடம் தாண்டிக் கரண்டுக் காற்றாடிகள் நிற்கிற ரோடு, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இறக்கைகள், விடிந்து இன்னும் வெயில் ஏறவில்லை. அதுகள்கூடச் சத்தம் போடும் என்று ஞாபகம், கீழே நின்றால் காற்றை வெட்டுகிற சத்தம் ஊம் ஊம் என்று வரும், இப்போது ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றுகின்றன, கண்ணாடி ஏற்றியிருப்பதால் இருக்கும், கண்ணாடி ஏற்றியிருப்பதால் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் அழுத்து. பெல்ட் மார்பைப் பிடித்து இறுக்குகிறது, வரும்போது குடித்த டீ தொண்டைக்கு வருகிறது, என் வலது கால், என் பக்கம் இல்லாத பெடலைத் தேடித் தரையை மிதிக்கிறது, பார்த்துவிட்டாளா, பார்க்கவில்லை. விட்டாள். முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. இத்தனூண்டு வண்டிக்குள் இத்தனை பலத்தை எங்கே வைத்திருந்தார்கள். இன்ஜினை வேறு இடத்தில் கொடுத்துப் பலம் ஏற்றிவிட்டாள், ஏற்றின பிறகு பிரேக் போதவில்லை என்று என்னிடம் வந்தாள். எல்லோரும் அப்படித்தான், ஓடுவதற்கு முதலில் செலவு பண்ணுவார்கள், நிற்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். பழைய டிஸ்க்கைக் கழற்றினபோது பார்த்தேன், நீலம் பாய்ந்து போய், தலைமயிர் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது, அந்த டிஸ்க்கோடு இவள் இன்னொரு ரேஸ் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு இவளைத் திட்டினேன், பெத்தவன் மாதிரித் திட்டினேன், கேட்டுக்கொண்டு நின்றாள். முன்னாடிக்குப் பெரிய டிஸ்க், பேடைப் பிடித்து அமுக்குகிற பெரிய காலிப்பர், மிதித்தால் உப்பாத ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், காலிப்பர் இடிக்காமல் இருக்க ஒரு சுற்றுப் பெரிய அலாய் சக்கரம், அதுக்கு ரோட்டில் ஒட்டுகிற டயர். எல்லாம் என் கையால் மாட்டினது. வருகிற ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் இறங்கப் போகிறாள். நேற்று வேலை முடிந்ததும், "நாளைக்கு நீங்களும் கூட வந்து ஒரு காது குடுங்கண்ணா" என்றாள். ஒரு காது குடுங்க. சிரித்துக்கொண்டே சொன்னாள், வெள்ளையாகத்தான் சொன்னாள். என்னோடு இருபது வருசமாக வேலை செய்கிற இக்பால் பக்கத்தில் இருந்துகொண்டு, "நான் வேணாப் போய்ட்டு வர்றனுங்க, உங்களுக்கு இந்த வேகமெல்லாம் ஒத்துக்காது" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான். அவன் இப்போதெல்லாம் என் முன்னால் வந்து நின்றுதான் பேசுகிறான், முன்பெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்தபடி கத்துவான். தெரியுமோ அவனுக்கு. தெரிந்திருந்தால் அது ஒரு மாதிரி, தெரியாமல் இருந்தால் அது வேறு மாதிரி, இரண்டில் எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இத்தனை வருசம் ஒத்துக்கிட்டதுதான், போடா" என்று சொல்லி நானே ஏறி உட்கார்ந்தேன்.

மறுபடி எண்பது, மறுபடி அழுத்து. வாசம் வர ஆரம்பித்துவிட்டது, புது பேட் காய்கிற வாசம், தீய்ந்த தோசையும் பட்டாசும் கலந்த மாதிரி, நல்ல வாசம், மூக்கு இன்னும் மூக்காகத்தான் இருக்கிறது. இந்தக் கடவுள் எதை முதலில் எடுப்பது என்று யாரிடம் கேட்டு எடுக்கிறான். மூக்கை எடுத்திருந்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று என் வீட்டுக்காரி தெய்வானை சொல்லிவிடுவாள். காதை எடுத்தான். நான் என்ன படித்தவனா, அஞ்சாவதோடு சரி, மீட்டர் படிக்க, கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறு பார்க்க எனக்கு வராது, எனக்கு இருந்தது காது. நாச்சிமுத்துகிட்டக் காட்டு, அவர் ஒருக்கா காது வெச்சாருன்னாப் போதும் என்பார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் வைத்தால் எனக்குள்ளே எல்லாம் பேசும், எந்த பேரிங் அழுகிறது, எந்த வால்வு பொய் சொல்கிறது என்று. சேலத்தில் இருந்து ஒருத்தர் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார், நான் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும். அந்தக் கர்வம் இருக்கிறதே, அதுதான். இப்போது ஸ்க்ரூடிரைவரை ஆளில்லாத நேரத்தில் பல்லில் கடித்துக்கொண்டு கேட்கிறேன். பல் வழியாகக் கொஞ்சம் வருகிறது. ஒருநாள் இக்பால் டீயோடு உள்ளே வந்துவிட்டான், நான் பல்லில் கம்பியோடு பானெட்டுக்குள் குனிந்திருக்கிறேன், எலும்பு கவ்வின நாய் மாதிரி, "பல்லு வலிடா" என்றேன். பல்வலிக்கு எவனாவது ஸ்க்ரூடிரைவரைக் கடிப்பானா. அவனும் "கிராம்பு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

முதலில் போனது ரெஞ்சின் சத்தம்தான். சக்கரத்து நட்டை இவ்வளவுதான் முறுக்க வேண்டும் என்று அளவு வைத்து முறுக்குகிற ரெஞ்ச், அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்துக்கு நிறுத்திவிட வேண்டும். ஒருநாள் முறுக்குகிறேன், முறுக்குகிறேன், சத்தமே வரவில்லை. ரெஞ்ச் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் பழைய இரும்பில் போட்டேன், விற்றவனுக்குப் போன் போட்டு வாயில் வந்தபடி பேசினேன், ரேஸ் வண்டிக்கு வேலை செய்கிறவனுக்கு இப்படிச் சரக்கா கொடுப்பாய் என்று. புதுசு வந்தது. டப்பாவைப் பிரித்து எடுத்துப் போட்டு முறுக்கினேன். அதுவும் பேசவில்லை. எதிரில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இக்பால் கண்ணைச் சிமிட்டினான். அடுத்த நட்டு, அப்போதும் சிமிட்டினான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம், சத்தத்துக்குக் கண் சிமிட்டும். அப்போதுதான் எனக்கு உரைத்தது. ரெஞ்ச் பேசுகிறது, எனக்குத்தான் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இரும்புக் குவியலில் இருந்து பழைய ரெஞ்சை எடுத்துத் துடைத்து மூலையில் ஒளித்து வைத்தேன், திருடினவன் மாதிரி, என் பட்டறையில், என் ரெஞ்சை. அதிலிருந்து உள்ளங்கையால்தான் பார்க்கிறேன், அளவு வந்ததும் கைக்குள் ஒரு சின்ன நழுவல் இருக்கும், அது போதும், இது வரைக்கும் அது போதும். பையன் பெங்களூரில் இருந்து காது மெஷின் வாங்கி அனுப்பினான். வீட்டில் டிவிக்குப் போடுவேன். பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போனால் சுத்தியல் விழுகிற ஒவ்வொரு தடவையும் காதில் ஊசி குத்துகிறது, அது நிஜந்தான், ஆனால் அதுவா காரணம். "கண்ணுக்குக் கண்ணாடி போடறீங்கல்ல, காதுக்கு மெஷினு போட்டா என்ன, கிரீடம் எறங்கிப் போயிருமா" என்று தெய்வானை கேட்டாள். கிரீடம்தான். வேறென்ன.

வாய் அசைகிறது. இந்தத் தடவை ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள், பக்கவாட்டில் பாதி உதடு, என் வலது காது அவள் பக்கம், வலதுதான் மோசம், நாசமாய்ப் போகிற வலது. இருபதுக்கு இறங்கி மெதுவாக உருளுகிறோம். விரலால் முன்னால் காட்டுகிறாள், என் கால் பக்கம், இடது பக்கம். "கேக்குதுங்ளாண்ணா? ஸ்லோவானா வருது. டொக் டொக்னு." இது புரிந்தது, டொக் டொக் என்பதற்கு உதடு குவிந்ததால் புரிந்தது. நான் கண்ணை மூடினேன். கண்ணை மூடிக் கேட்பது என் பாணி, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஊரே அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக் காத்திருக்கும். உள்ளே சைலென்சரின் உறுமல் மட்டும், போர்வையைப் போட்டு மூடின மாதிரி ஒரு உறுமல், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, கிணற்றில் எட்டிப் பார்த்த மாதிரி. எத்தனை நேரம் மூடியிருந்தால் கேட்ட மாதிரி இருக்குமோ அத்தனை நேரம் மூடியிருந்துவிட்டுத் திறந்தேன். "புது பேட் அப்படித்தான் அம்மிணி. படியற வரைக்கும் பேசும். நீ ஓட்டு." சொல்லி முடிப்பதற்குள் எனக்கே என் வாயைப் பிடிக்கவில்லை. அவள் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் கொடுமை, சட்டென்று தெளிந்துவிட்டது, நான் சொன்னதும், சந்தேகத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு அழுத்தினாள், எண்பது, அதுக்கும் மேலே.

புது பேட் பேசுமா. பேசும். கிறீச் என்று பேசும், சரசர என்று தேய்க்கும், டொக் என்று தட்டுமா. டொக் டொக் என்றால் அது சக்கரத்தோடு சுற்றுகிற எதுவோ. இடது பக்கம். இடது முன்பக்கம். நேற்றுச் சாயங்காலம் இடது முன்சக்கரத்தை நான் முறுக்கினேனா. முறுக்கினேன். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது நாலு சக்கரத்து நட்டையும் கையால் திருகிவிட்டேன், தரையில் இறக்கினதும் கடைசி முறுக்கு ரெஞ்சில், அது வழக்கம், அதை இக்பாலிடம்கூட விடமாட்டேன், நேற்று அவன் கை நீட்டினபோதுகூட "நகருடா" என்றேன். பின்பக்கம் வலது, பின்பக்கம் இடது, அப்புறம் முன்னால் வந்தேன், இடது முன்பக்கம் குந்த உட்கார்ந்தேன், ரெஞ்சை முதல் நட்டில் வைக்கப் போனேன், அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள். இவளுடைய அம்மா. தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம். ராகு காலம் வந்துவிடும், அதற்குள் வைத்துவிடலாம் என்றார்களாம், எத்தனை தடவை கூப்பிட்டார்களோ, எனக்குக் கேட்காமல்தான் வந்து தொட்டார்கள். எங்கள் பட்டறையில் வேலை முடிந்த வண்டிக்குத்தான் பொட்டு, முடியாத வண்டிக்கு வைப்பதில்லை, அது இத்தனை வருச வழக்கம், ஆனால் அந்தம்மாவிடம் இன்னும் முடியலைங்க என்று எப்படிச் சொல்வது, நல்ல நேரம் என்று வந்து நிற்கிறார்கள். அந்தம்மா சந்தனத்தை நேராக டிஸ்க்குக்குக் கொண்டுபோனார்கள், அலாய் கம்பிகளுக்கு நடுவில் பளபளவென்று தெரிகிறதே, அதற்குத்தான் வைக்க வேண்டும் என்று. நான் பதறிப்போய், "அய்யோ அம்மா, டிஸ்க்குல வேண்டாமுங்க, எண்ணெய்ப் பிசுக்குப் பட்டாப் பிரேக்கே போயிரும், அலாய்ல வெய்யுங்க" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ரெஞ்சைக் கீழே வைத்தேன். பொட்டு வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பொங்கலை இலைக்கிண்ணத்தில் கொடுத்தார்கள், சாப்பிட்டேன், நெய் ஜாஸ்தி, கையைக் கழுவினேன். அப்புறம் ரெஞ்சை எடுத்தேன். எடுத்து எங்கே போனேன். வலது முன்பக்கம். வலது முன்பக்கம் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, அந்தப் பக்கத்துச் சுவரில் காலண்டர் ஆடினது ஞாபகம் இருக்கிறது. அதுக்கு முன்னால் இடது. இடதில் பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் முடிந்த வேலை. என் கை அப்படி நினைத்திருக்குமோ. பொட்டைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்குமோ. இல்லை, முறுக்கியிருப்பேன். உள்ளங்கையில் நழுவல் ஞாபகம் இருக்கிறது, இருக்கிறதே, ஆனால் அது எந்த வண்டியின் நழுவல், எத்தனையோ வண்டி, எத்தனையோ சக்கரம், எல்லா நழுவலும் ஒரே நழுவலாகக் கைக்குள் கிடக்கிறது. டிக் கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். சத்தத்துக்கு முகம் உண்டு, நழுவலுக்கு முகம் இல்லை.

அழுத்து. பெல்ட். இருபது. அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறாள், பார்த்துச் சிரிக்கிறாள், மறுபடி வருகிறது போல, ஆனால் நான்தான் சொல்லிவிட்டேனே பேட் என்று. இப்போது வாயைத் திறந்தால் என்ன. அம்மிணி, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நிறுத்து. அவ்வளவுதான். அவ்வளவு சொல்ல ஒரு வாய் போதாதா. நிறுத்தினால் டிஸ்க்கில் அச்சு விழும், நானே சொன்னது, என்ன ஆனாலும் நிறுத்தாதே என்று, மூணு தடவை சொன்னது. அது சாக்கு. பெடலைப் பிடிக்காமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்துத் தானாக நிற்க விட்டால் ஒன்றும் ஆகாது, அது எனக்குத் தெரியும், சாக்கு என்று தெரிந்தே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்பாள். சத்தம் என்றால், அப்போதே கேட்கவில்லையா என்பாள். கேட்டது என்றால், கேட்டுவிட்டுப் பேட் என்று ஏன் சொன்னீர்கள் என்பாள். கேட்கவில்லை என்றால். கேட்கவில்லை என்றால், நாச்சிமுத்துக்குக் கேட்கவில்லையாம் என்று ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஒவ்வொரு கூடாரமாகப் போகும். எண்பது தாண்டிவிட்டாள். இந்த வேகத்தில் சக்கரம் கழன்றால் முதலில் என் பக்கம்தான் தரையில் உட்காரும், அது பரவாயில்லை என்று தோன்றுகிறது, நிஜமாகவே ஒரு நொடி நிம்மதியாகத் தோன்றியது, அப்புறம் அவள் கை ஸ்டியரிங்கில் இருப்பதைப் பார்த்தேன், சின்னக் கை, மணிக்கட்டில் நேற்றுப் பொட்டு வைத்தபோது அவள் அம்மா கட்டிவிட்ட மஞ்சள் கயிறு, சீ, என்ன மனுசன் நான். ஒரு பிள்ளையின் உயிரையும் என் பேரையும் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலைத் தரையில் முன்னால் தள்ளி, சக்கரத்துக்கு எத்தனை பக்கத்தில் போகுமோ அத்தனை பக்கத்தில் வைத்தேன். தலையைக் கதவுத் தூணில் சாய்த்தேன், தூங்குகிறவன் மாதிரி, கன்னத்தெலும்பை இரும்பில் அழுத்தி, பல்லை இறுக்கிக் கடித்தேன். அவள் பார்த்தால் கிழவன் அசந்துவிட்டான் என்று நினைக்கட்டும். அழுத்தினாள். எண்பது, அறுபது, நாற்பது, தோல் முழுக்க நடுக்கம், இன்னும் ஒன்றும் பிரியவில்லை, முப்பது, இருபது. வந்தது. கன்னத்தில் வந்தது. டொக். டொக். டொக். காதில் இல்லை, பல் வேரில். சத்தம்கூட இல்லை அது, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி. அவள் பிரேக்கை விட்டாள், பேட் என்றால் விட்டதும் போக வேண்டும். போகவில்லை. சக்கரம் ஒரு சுற்று, டொக் ஒன்று. வேகம் எடுத்தாள், டொக் நெருங்கி நெருங்கி வந்து ஒரே நடுக்கமாகி மறைந்தது. அப்படியென்றால் அது நட்டு. நட்டைத் தவிர வேறு இல்லை. நான் முறுக்கவில்லை. அப்போதும், சாமி சத்தியமாக அப்போதும், என் வாய் உண்மையைச் சொல்லவில்லை. என் வாய் என்ன சொல்லியது என்றால், "அம்மிணி, ஒண்ணுக்கு வருது" என்றது.

அவள் திரும்பினாள். "இப்பவாங்ண்ணா? நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க!" "அவசரம் கண்ணு. பிரேக்கைத் தொடாதே, கியரை எறக்கு, தானா நிக்கட்டும். மெதுவா. திருப்பாதே, நேரா போ." என் குரல் நடுங்கியிருக்க வேண்டும், அவள் கேலி பண்ணவில்லை, கியரை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாற்பது. என் கால்விரல் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தரைக்குக் கீழே டொக் டொக், இன்னும் கொஞ்சம், தாயே இன்னும் கொஞ்சம். ஏற்றம் ஒன்று வந்தது, அதில் வண்டி தானாகத் தளர்ந்து நின்றது. "பெடலை மிதிக்காதே, ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம், கல்லு வெக்கறேன்" என்று இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லை உதைத்துத் தள்ளினேன். அவள் இன்ஜினை நிறுத்தவில்லை, சூட்டோடு நிறுத்தினால் இன்ஜினுக்குக் காற்று ஊதுகிற டர்போவுக்கு ஆகாது என்று அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். கண்ணாடியை இறக்கி, "சீக்கிரமுங்ண்ணா, காலங்காத்தால ரெண்டு டீ குடிக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்கிறாள் சிரித்துக்கொண்டே. முட்செடிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். வரவும் இல்லை ஒன்றும். திரும்பி இடது முன்சக்கரத்துக்கு வந்து குந்தினேன். டிஸ்க் நீலமும் சாம்பலுமாக அழகாக நிறம் ஏறியிருக்கிறது, சூடு முகத்தில் அடிக்கிறது, அலாயில் பொட்டு வேர்த்துப்போய் வழிந்திருக்கிறது. சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நட்டைத் தொட்டேன். சுற்றியது. ரெஞ்ச் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், கிழவனின் இரண்டு விரலுக்குச் சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. ரோடு ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது, டயரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

நிழல் விழுந்தது. பின்னால் வந்து நிற்கிறாள். நட்டில் இருக்கிற என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போய் டிக்கியில் இருந்து அவளுடைய ரெஞ்சை எடுத்து வந்து நீட்டினாள். இரண்டு தடவை அளக்கிற பொண்ணு, ரெஞ்ச் கூடவே வைத்திருக்கிறாள். மாட்டி முறுக்கினேன். உள்ளங்கையை நம்பவில்லை, இனி எப்படி நம்புவது, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே முறுக்கினேன், அவளுக்குச் சிமிட்டுகிற பழக்கம் இல்லை, ஆனால் அளவு வந்ததும் புருவம் ஒரு நூல் தளர்கிறது. தளர்ந்ததும் நிறுத்தினேன். ஒவ்வொரு நட்டுக்கும் அவள் புருவம். மற்ற மூன்று சக்கரத்தையும் சுற்றி வந்து பார்த்தேன், எல்லாம் இறுக்கம், இடது முன்சக்கரம் ஒன்றுதான். எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். முகத்துக்கு நேராக நின்று பேசினாள், ஒரு எழுத்துகூட விடாமல் புரிந்தது, இப்போது பார்த்து எல்லாம் புரிந்தது. "புது அலாயில்லீங்ளாண்ணா, கொஞ்ச தூரம் ஓடுனா நட்டு தளரும்னு நானும் படிச்சிருக்கேன். நான் வேற நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன். காது குடுத்துட்டு இருந்திருக்கீங்க! நான் பயந்துக்கக் கூடாதுன்னு ஒண்ணுக்குன்னு ஒரு பொய்யி வேற. யாருக்குண்ணா வரும் இந்தக் காது? எங்க கிளப்புல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

புது அலாய் தளரும். உண்மைதான். நூல் அளவு தளரும், விரலுக்குச் சுற்றாது. சாக்கை அவளே தயார் பண்ணி, துடைத்து, என் கையில் வைக்கிறாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, எனக்குப் பழக்கமானதுதான், தலையை ஆட்டினால் போதும். ஆட்டவில்லை, ஆனால் இல்லை என்றும் ஆட்டவில்லை, கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவளும் ஏறினாள். வெட்கம் என்றால் முகம் சுடும் என்பார்கள், எனக்குக் கைதான் சுட்டது, நட்டைத் தொட்ட விரல் இரண்டும். வண்டியை உருட்டுவதற்கு முன்னால் மறுபடி என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை நீங்க டிராக் ஓரத்துல, பிட்டுல வந்து நில்லுங்ண்ணா. வண்டி முன்னால போகும்போது நீங்க கேட்டுட்டுச் சரின்னு கையக் காட்டுனீங்கன்னாப் போதும், நான் எதையும் பாக்க மாட்டேன், அமுக்கிருவேன்" என்றாள். அப்புறம் முகத்தை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டாள். இன்னும் பேசுகிறாள். பாதி உதடு, சந்தோசமான பாதி உதடு, அசைகிறது, அசைகிறது, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருக்கலாம், எந்தத் திருப்பத்தில் எங்கே பிரேக் பிடிப்பாள் என்பதாக இருக்கலாம், என் காதைப் பற்றிக்கூட இருக்கலாம். அந்தத் திருப்பத்துக்கு இவள் வருவாள், நான் வெயிலில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நிற்பேன், ஊரே வாயை மூடிக் காத்திருக்கும், நான் கையைக் காட்டுவேன். இவள் எதையும் பார்க்க மாட்டாள். கியருக்குக் கையைக் கொண்டுபோகிறாள். அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"அம்மிணி, இன்ஜினை நிறுத்து."

என்னைப் பார்த்தாள். உதடு நேராக வந்தது. "டர்போ சூடா இருக்குமேண்ணா?"

"இருந்துட்டுப் போகுது. நிறுத்து. அது ஓடிட்டு இருந்தா நீ பேசறது எனக்குக் கேக்கறதில்லை."